கடலுக்குக் கிட்ட வெளியில நிக்கிற காருக்கு என்ன கவர்?

கேள்வி: கல்லடியில வீடு. கராஜ் இல்ல, முற்றத்து வேம்புக்குக் கீழதான் கார் நிக்கும். படங்கு போட்டு மூடினாக் காணுமா?

பதில் 1: படங்கு வேணாம் தம்பி. ஈரம் வெளியேற வழியில்லாம அடியில வேர்த்து நிண்டு, வெயிலுக்குச் சூடாகி பெயின்ட்ல வெள்ளைத் திட்டு விழும். நீராவி போகக்கூடிய பல அடுக்குக் கவர் பாருங்க, உள்பக்கம் மெதுமையான துணியா. அளவுதான் முக்கியம். தொளதொளண்டு இருந்தாக் கச்சான் காத்துக்கு அடிச்சடிச்சு, உள்ள போன மணல் சாண்ட்பேப்பர் மாதிரித் தேய்க்கும். முதல்ல கீறுறது கண்ணாடி மூலையும் பொனட் விளிம்பும்தான். வயித்துக்குக் கீழால கட்டுற பட்டி இல்லாத கவர் சும்மா தந்தாலும் வாங்காதீங்க.

பதில் 2: தூசியோட மூடினா மூடாம விடுறதே நல்லம். கழுவி, காய்ஞ்ச பிறகு போடுங்க. கவர் உப்புக்காத்தை அடியில தடுக்காது. கிழமைக்கு ஒருக்கா சக்கர வளைவுக்குள்ளயும் அடித்தட்டுலயும் நல்ல தண்ணி அடிக்கணும். 3 மாசத்துக்கு ஒருக்கா வேக்ஸ். காக்கா எச்சத்தைச் சுரண்டாதீங்க, ஈரத்துணியை 10 நிமிசம் போட்டு ஊறவிட்டு எடுங்க.

பதில் 3: மாரியில நனைஞ்ச கவரை நாள்கணக்கா விடாதீங்க, பூஞ்சணம் பிடிக்கும். மூடிக்கிடக்கிற காருக்க எலியும் குடியேறும். பொனட்டைத் திறந்து வயரைப் பாருங்க.

கேள்வி கேட்டவர்: பக்கத்துல தென்னையும் நிக்குது...

பதில் 1: தேங்காய்க்குக் கவர் இல்ல. காரைத் தள்ளி விடுங்க.