ஒஸ்லோ: கோர்க்கெட்ரெக்கரென் பனிப்பாதையில் இறங்கியவர்கள் சொல்லுங்கள்

பதிவு 1
உட்கார்ந்து சறுக்கிப் போகும் ஸ்லெட்ஜ் வண்டி நிற்காததுதான் அங்கே சிக்கல். பாதை 2,000 மீட்டர், இறக்கம் 255 மீட்டர். பகலில் உருகிய பனி இரவில் மறுபடி உறைந்தால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பிரேக்காக ஊன்றும் குதிகால் பதியாது. வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் போட்டால் ஸ்லெட்ஜின் பின்பக்கம் சுழலும், ஆள் தோளோடு வெளிப்பக்கப் பனிச்சுவரில் மோதுவார். வளைவுக்கு முன்பே இரண்டு குதிகாலையும் ஊன்றணும். உள்ளே போனதும், இடப்பக்கம் திரும்ப இடது காலை மட்டும் இழுக்கணும். விழுந்தால் உடனே ஓரத்துக்கு நகருங்கள், ஸ்லெட்ஜை அப்புறம் பார்க்கலாம். பின்னால் வருபவருக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியாது!

பதிவு 2
இதைப் படிச்சிட்டு யாரும் போகாம இருந்துடாதீங்க. புதுப்பனி விழுந்த மறுநாள் குதிகால் நல்லாப் பதியும். மேலே பாதை தொடங்குற ஃப்ரோக்னெர்செட்டெரென்ல ஸ்லெட்ஜ் வாடகைக்குக் கிடைக்கும், ஹெல்மெட்டும் சேர்த்து வாங்குங்க. ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா உறைஞ்சிடும். கீழே மிட்ஸ்டுவென் நிலையத்துல 1ஆம் எண் மெட்ரோ பிடிச்சா திரும்ப மேலே. ஒற்றை டிக்கெட் ஒரு மணி நேரம்தான் செல்லும், நகரத்துலிருந்து மேலே வர்றதுக்கே பாதி போயிடும். 24 மணி நேர டிக்கெட் எடுங்க. கோடையில அதே டிக்கெட்ல ஹூவெடய் தீவுப் படகும் ஏறலாம், 1147இல் தொடங்கின மடத்தோட இடிபாடு அங்கே இருக்கு.

பதிவு 3
பனி போதும். மூங்க் அருங்காட்சியகத்தில், ஓவியர் மூங்க் வரைந்த ‘அலறல்’ முன்னால் போய் நின்றால் கறுப்புக் கதவு மூடியிருக்கும், பலர் திகைத்துப்போகிறார்கள். அங்கே அதற்கு வண்ண ஓவியம், கோட்டோவியம், கல்லச்சு (கல்லில் வரைந்து தாளில் எடுத்த அச்சு) என மூன்று வடிவங்கள். அட்டையும் தாளும் வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்பதால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் திறப்பார்கள். வண்ண ஓவியம்தான் வேண்டுமென்றால் அதன் முறை வரும்வரை மற்ற தளங்களைப் பாருங்கள்.

பதிவு 4
காத்திருக்கச் சொல்வது சரியில்லை. ‘அலறல்’ ஓவியத்தின் இன்னொரு வண்ண வடிவம், 1893ஆம் ஆண்டினது, தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதற்கு இந்த முறைவைப்பு கிடையாது. 2022இல் திறந்த புதுக் கட்டடம், திங்கள் விடுமுறை. தீவுப் படகுத்துறையும் பக்கத்தில்தான். நேரம் குறைவென்றால் காலையில் ஓவியம், பிறகு படகு. ஏறி நடக்கக்கூடிய ஒபேரா மாளிகைக் கூரையை மட்டும் பனிக்காலத்தில் ஈரமில்லாத நாளுக்குத் தள்ளிவையுங்கள், சரிவான பளிங்குக்கல் உறைந்தால் எந்தச் செருப்பும் பிடிக்காது.