மடக்கித்தான் இறங்குகிறேன், ஆனாலும் லேண்டிங்கில் 'டொக்' சத்தம்

அரைச்சுற்று:
ஒன்றரை வருடமாகப் பனித்தளத்தில் ஃபிகர் ஸ்கேட்டிங் பழகுகிறேன், வயது 32. ஒற்றைச் சுற்று ஜம்புகளில் சால்கோவும் டோ லூப்பும் ஒருவழியாக வந்துவிட்டன. ஆனால் இறங்கும்போதெல்லாம் ரிங்கில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு 'டொக்' என்று சத்தம், அதிர்வு முழங்காலைத் தாண்டி இடுப்புவரை ஏறுகிறது. முழங்காலை மடக்கு என்கிறார் கோச், மடக்கிக்கொண்டுதானே இருக்கிறேன்! இதே உயரம் தரையில் வெறுங்காலோடு குதித்தால் ஒன்றுமே தெரிவதில்லை. அப்புறம் இன்னொரு சந்தேகம், எல்லா ஜம்பிலும் ஏன் பின்னோக்கி, அதுவும் ஒற்றைக் காலில் இறங்க வேண்டும்?

பழைய பிளேடு:
வெறுங்காலோடு குதிக்கும்போது முதலில் விரல்கள் தரையைத் தொடும், அப்புறம்தான் குதிகால் மெல்ல இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கெண்டைக்கால் தசை பிரேக் மாதிரி வேலை செய்துவிடுகிறது. ஸ்கேட்டிங் பூட் விறைப்பானது, கணுக்காலை நீட்டவே விடாது. அது செய்ய வேண்டிய வேலையும் சேர்ந்து முழங்கால், இடுப்பின் மேல் விழுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 செ.மீ. உயரத்திலிருந்து விழும் உடம்பை 5 செ.மீ.க்குள் நிறுத்தினால் சராசரி விசை உடல் எடையைப் போல் 6 மடங்கு. அதையே 15 செ.மீ. இறங்கி நிறுத்தினால் 3 மடங்குகூட வராது. இது சராசரிதான், உச்சம் இதைவிட அதிகம். பெரிய ஜம்புகளில் 5 முதல் 8 மடங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள், அதுவும் ஒற்றைக் காலில்.

பின்னோக்கி ஏன் என்றால், பூட்டின் அடியிலுள்ள பிளேடின் முன்னால் டோ பிக் என்ற பல்வரிசை இருக்கிறது. முன்னோக்கி இறங்கி அது பனியில் குத்தினால் குப்புற விழ வேண்டியதுதான். பின்னோக்கி வழுக்கும்போது அதுவே பின்னால் இழுபட்டு வரும், அதனால் விரல் பக்கம் முதலில் தொட்டு, அப்புறம் பிளேடு முழுதும் படிய இடம் கிடைக்கிறது. இடப்பக்கம் சுற்றுபவர் வலது காலின் வெளி எட்ஜில் (பிளேடின் வெளிப்பக்க விளிம்பில்) இறங்குவதற்கும் காரணம் உண்டு: அந்த எட்ஜ் போடும் வளைவும் அதே திசையில்தான் திரும்புகிறது, மிச்சமிருக்கும் சுழற்சி அதில் கரைந்துவிடும்.

கோணஉந்தம்:
மேலே சொன்னது சரி, ஆனால் கேட்டவருக்குப் பிரச்சினை எவ்வளவு மடக்குகிறார் என்பதில் இல்லை, எப்போது மடக்குகிறார் என்பதில்தான் என்று நினைக்கிறேன். நிறையப் பேர் காலை விறைப்பாக வைத்துத் தொட்டுவிட்டு, சத்தம் கேட்ட பிறகு மடக்குகிறார்கள். விசையின் உச்சம் தொட்டவுடனேயே வந்து போய்விடும், அதற்குப் பிறகு எவ்வளவு தாழ்ந்தாலும் அது போஸ்தான். தொடும்போதே முழங்கால் லேசாக மடங்கி, தொடை தசை இறுகித் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்று, லேண்டிங் காற்றிலேயே தொடங்கிவிடுகிறது. கைகளையும் மற்றக் காலையும் விரித்தால் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சிக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு) கூடி சுழற்சி வேகம் குறையும், கோண உந்தம் (சுழற்சியின் மொத்த அளவு) மாறாது. 2022இல் அமெரிக்க ஸ்கேட்டர் இலியா மலினின் முதன்முதலாகப் போட்டியில் இறக்கிய குவாட் ஆக்சல் என்ற ஜம்பில் நாலரைச் சுற்று. ஒரு நொடிக்குள் அவ்வளவும் சுற்றிவிட்டு, தொடுவதற்கு முன் திறக்கவும் வேண்டும். நீங்கள் பயத்தில் கைகளை இறுக்கிக்கொண்டே இறங்குகிறீர்களோ என்னவோ.

போய், பனியில் உங்கள் பிளேடு போட்ட தடத்தைப் பாருங்கள். டோ பிக் குத்திய சின்னக் குழி, அதிலிருந்து சுத்தமான வளைவு என்று இருந்தால் நல்லது. ஆரம்பத்தில் கொக்கி மாதிரிச் சுருண்டிருந்தால், மீதிச் சுற்றைப் பனியின்மேல் முடிக்கிறீர்கள், முழங்காலுக்கு அந்த முறுக்கும் சேர்ந்து போகிறது. போட்டியில் கால்வாசிச் சுற்றுக்கு மேல் குறைந்தாலே நடுவர் பக்கம் மதிப்பு குறையும், அது வேறு.

மெதுவாகப்போ:
பூட்டின் மேல்பக்க லேஸ் கொக்கிகளை ரொம்ப இறுக்கிக் கட்டுகிறீர்களா? கணுக்கால் முன்னால் மடங்காவிட்டால் முழங்காலை ஆழமாக மடக்க முடியாது, முயன்றால் உடம்பு முன்னால் சாயும். கணுக்கால் அசையட்டும் என்றுதான் அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கீல் வைத்த பூட் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ஆய்வில் அதிர்ச்சி குறைந்தது, ஆனால் ஸ்கேட்டர்களிடம் பரவவில்லை.

இடுப்புவரை ஏறும் அந்த அதிர்வு வலியாகி, ஜம்புக்கு மறுநாளும் இருந்தால் டெக்னிக்கை ஆராயாமல் டாக்டரைப் பாருங்கள். அழுத்தத்தால் எலும்பில் மெல்லிய விரிசல் விழுவது ஸ்கேட்டர்களிடம் சகஜம், நாள் முழுக்க அதே காலில்தானே இறங்குகிறோம்.

அரைச்சுற்று:
இன்று தடத்தைப் பார்த்தேன். பத்து சால்கோவில் ஏழு, கொக்கி. பூட்டின் மேல் லேஸ் கொக்கியை ஒரு துளி தளர்த்தி, கையைச் சீக்கிரம் திறந்தேன். கடைசி இரண்டில் 'டொக்' போய் 'சரக்' என்று கேட்டது, அதில் ஒன்றில் அப்படியே உட்கார்ந்தும் விட்டேன். வலி வந்த அன்றோடு போய்விடுகிறது, மறுநாள் இல்லை.