உப்பளத்து ஜிப்சம் களர் வயலுக்கு ஆகுமா?

கரிசல்காடு:
குளத்துப் பாசனத்தில் ஒரு ஏக்கர் வயல் களராக (சோடியம் மிகுந்த மண்ணாக) கிடக்கிறது. மண் பரிசோதனையில் பி.எச். 9.1, அதைத் திருத்த ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) ஏக்கருக்கு 4 டன் தேவை என்று வந்திருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் பெயர்த்தெடுத்த ஜிப்சம் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் நாக்கில் வைத்தால் கரிக்கிறது. வாங்கலாமா? மீதியைச் செவல் காட்டு நிலக்கடலைக்குப் போடலாம் என்று யோசனை.

உப்பளம்77:
அண்ணாச்சி, கரிப்பு ஜிப்சத்துடையது இல்லை, ஒட்டி வந்த உப்புடையது. கடல் தண்ணீர் 3 போமே டிகிரி (உப்புநீரின் அடர்த்தி அளவு) சுமாரில் உள்ளே வரும். வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு கொஞ்சம் படியும், 13 டிகிரி தாண்டினால் ஜிப்சம், 25 தொட்டால்தான் உப்பு. அதனால் 24, 25 வரை தண்ணீரை வேறு பாத்திகளில் நிறுத்தி, ஜிப்சத்தை அங்கேயே இறக்கிவிட்டுத்தான் உப்புப் பாத்திக்கு விடுவது. ஆயிரம் லிட்டர் கடல் நீரில் உப்பு 27 கிலோ அளவுக்கு இருந்தால் ஜிப்சம் ஒன்றரை கிலோதான். அது தரையில் ஓடு மாதிரி சேர்ந்து, பிறகு வெட்டியெடுக்கப்படுகிறது. அந்த ஓட்டின் துளைகளில் நிற்கும் உப்புநீர்தான் உங்கள் நாக்கில் படுவது.

மேட்டில் குவித்து ஒரு பருவமழையில் நனைத்த சரக்கைக் கேளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு 360 கிராம் கரையும், ஜிப்சம் இரண்டரை கிராம் சுமார்தான் கரையும். மழை உப்பைக் கொண்டுபோய்விடும், ஜிப்சம் அப்படியே நிற்கும்.

மண்சோதனை:
வாங்கும் முன் இரண்டு சோதனை செய்யலாம்.

உப்புக்கு: 5 கிராம் தூளை ஒரு லிட்டர் வாலை வடிநீரில் போட்டு ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கித் தெளியவிட்டு, மின்கடத்துத் திறன் பாருங்கள். சுத்த ஜிப்சம் கரையும் மட்டும் கரைந்து மீட்டருக்கு 2.2 டெசிசீமன்ஸ் அளவில் நின்றுவிடும். 3 தாண்டினால் சரக்கில் சுமார் பத்து சதவீதம் உப்பு இருக்கிறது என்று கணக்கு.

தூய்மைக்கு: தூளை 40, 45 டிகிரி சூட்டில் உலர்த்தி 10 கிராம் எடை போடுங்கள். வழக்கம்போல 105 டிகிரியில் உலர்த்தினால் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீரே கழன்றுவிடும், கணக்கு பாழ். பிறகு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம். முழுச் சுத்தமானது 2.1 கிராம் இழக்கும். உங்களுடையது 1.7 இழந்தால் தூய்மை 80 சதவீதம் சொச்சம். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் சுண்ணாம்புக் கலப்பு. களருக்கு அது உதவாது, அந்தப் பி.எச்.சில் கரையவே கரையாது.

பாறைக்காரன்:
உப்பளம்தான் என்றில்லை. பெரம்பலூர் பக்கம் காரை ஊர்க் களிமண் ஓடைகளில் இறங்கினால் ஜிப்சம் கீற்றுக்கீற்றாக மின்னும். நகத்தால் கீறலாம். ஏடு உரித்து வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். காக்காப்பொன் என்றால் துள்ளி நிமிர்ந்துவிடும். ஆனால் அந்தக் கீற்றுகள் களிமண் அடுக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அதாவது கடல் வற்றியபோது படிந்தவை அல்ல, பின்னால் விரிசல்களில் ஊறி வளர்ந்தவை. நாட்டில் அதிகம் வெட்டுவது ராஜஸ்தானில், நாகௌர், பிகானேர் பக்கம். பெரும்பகுதி சிமென்ட் ஆலைக்குப் போகிறது. கிளிங்கரோடு (சூளையில் சுட்ட சிமென்ட் கட்டி) நாலைந்து சதவீதம் சேர்த்து அரைக்காவிட்டால் கலவை சட்டியிலேயே இறுகிவிடும்.

கரிசல்காடு:
நன்றி. 4 டன்னையும் ஒரே தடவையில் கொட்டலாமா?

மண்சோதனை:
வேண்டாம். தேவையில் பாதி போதும் என்பதுதான் இங்கே நடைமுறைப் பரிந்துரை. 2 டன், தூய்மை 80 என்றால் இரண்டரை டன். முதலில் வயலைச் சமன் செய்து வரப்பைக் கட்டி, வடிகாலை வெட்டுங்கள். 2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் தூளாகச் சீராகத் தூவி, மேல் 10 சென்டிமீட்டரில் மட்டும் கலக்கி, நல்ல தண்ணீரை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிறுத்தி வடிய விடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கால்சியம் களிமண்ணில் ஒட்டிய சோடியத்தைத் தள்ளிவிடும். அது சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரோடு வெளியேறினால்தான் வேலை முடிந்தது. பலர் பணத்தை விடுவது இங்கேதான்: வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டால் களர் வயல் உவர் (கரையும் உப்பு மிகுந்த) வயலாகும், அவ்வளவே. நிலம் ஏற்கெனவே வெறும் உவர் என்றால் ஜிப்சமே வேண்டாம், நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். சந்தேகமிருந்தால் ஒரு பிடி மண்ணை வாலை வடிநீரில் குலுக்கி மறுநாள் பாருங்கள். களர் கலங்கியே நிற்கும், உவர் தெளிந்துவிடும்.

பாசனத் தண்ணீரிலேயே பைகார்பனேட் அதிகம் என்றால் தனிக்கணக்கு. மீந்த கார்பனேட் (தண்ணீரில் கால்சியம், மக்னீசியத்தை விஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட்) லிட்டருக்கு ஒரு மில்லிசமானம் (ஆய்வக அறிக்கையில் வரும் அளவு) கூடுதலானால், ஏக்கருக்கு 10 சென்டிமீட்டர் பாய்ச்சும் ஒவ்வொரு தடவைக்கும் சுத்த ஜிப்சம் 35 கிலோ வேண்டும்.

உப்பளம்77:
கடலைக்கு மட்டும் கரிக்கிற சரக்கு ஆகாது அண்ணாச்சி. வயலில் தண்ணீர் கட்டி வடிப்பதால் உப்பு போய்விடும், காட்டில் அப்படியே வேரடியில் தங்கும். கழுவிய சரக்கில் ஏக்கருக்கு 160 கிலோ, விதைத்த 40, 45ஆம் நாள், ஈரம் இருக்கும்போது செடியடியில் தூவி மண் அணையுங்கள். காய்க்கு வேண்டிய கால்சியத்தை விழுதும் (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் காம்பு) காயும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேரே உறிஞ்சுகின்றன, இலை வழியாக வந்து சேராது. தள்ளி விழுந்தால் பொக்குக் காய்தான்.