நூகாட்சியாக் ஊர்க்காரர் ஒருவரோடு பேசிய மதியம்

நிலநடுக்கத்தில் நேரடியாக மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதியதையெல்லாம் படித்தேன். எனக்கு அந்த அனுபவம் இல்லை, ஆனால் முதலில் நிலநடுக்கம் என்று நினைக்கப்பட்ட ஒரு பேரழிவால் ஊரையே விட்டுவிட்டு வந்த ஒருவரோடு பேசியிருக்கிறேன்.

டென்மார்க்கில் வேலை பார்க்கிறேன். விடுமுறைக்கு மேற்குக் கிரீன்லாந்தின் ஊமனாக் தீவுக்குப் போனபோது, படகுத் துறையில் ஒரு பெரியவர் ஆயிரங்கால் தூண்டிலின் (ஒரே நீளக் கயிற்றில் நிறைய முட்கள் தொங்கும் தூண்டில்) முட்களில் இரை கோத்துக்கொண்டிருந்தார். டேனிஷில் பேச்சுக் கொடுத்தேன். சொந்த ஊர் நூகாட்சியாக் என்றார், அதே பகுதியில் இருந்த ஒரு சின்னக் கடலோர ஊர். அங்கே நடந்தது இதுதான்.

2017 ஜூன் 17, இரவு நேரம், ஆனால் அந்த மாதத்தில் அங்கே சூரியன் மறையாது என்பதால் எல்லாமே வெளிச்சத்தில் நடந்தது. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, காராட் ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே போகும் கடல்) ஒரு மலைச்சரிவு அப்படியே கடலுக்குள் இறங்க, அதில் எழுந்த அலை ஊருக்குள் ஏறி 11 வீடுகளை அடித்துக்கொண்டு போனது. 4 பேர் இறந்தார்கள். முதலில் 4 ரிக்டர் அளவு நிலநடுக்கம் என்றுதான் செய்தி வந்தது, அப்புறம்தான் மலை விழுந்ததே தரையை ஆட்டியிருக்கிறது என்று தெரிந்தது. அந்த ஊரிலேயே ஒரு நிலநடுக்கமானி இருந்தது. சரிவு விழுவதற்குப் பல மணி நேரம் முன்பிருந்தே திரும்பத் திரும்பச் சின்னச் சின்ன அதிர்வுகள் அதில் பதிவாகியிருப்பதைப் பிற்பாடு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவே இல்லை.

பெரியவர் அலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஊரைக் காலி செய்து ஹெலிகாப்டரில் ஏறும்போது போட்டிருந்த உடுப்போடு மட்டும் வந்தாராம். வீட்டில் பெரிய ஃப்ரீசர், முள்ளை கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்து அகலம் காட்டினார், அது நிறைய சீல் இறைச்சியும் ஹாலிபட் மீனும். குளிர்காலத்துக்கான சாப்பாடு அத்தனையும் அங்கேயே கெட்டுப்போனது. அதைவிட அவருக்குப் பெரிய வேதனை மீன்பிடி இடங்கள்தான். எந்த மாதம் எந்த ஆழத்தில் ஹாலிபட் நிற்கும், எந்த இடத்துப் பனி நாய்வண்டியைத் தாங்கும், எது தாங்காது என்று அப்பா காட்டிக்கொடுத்ததெல்லாம் அந்த ஊர்க் கடலுக்கு மட்டும்தான் பொருந்தும். ஊமனாக்கில் மற்றவர்கள் தலைமுறையாகத் தூண்டில் போடும் இடத்தில் போய் நிற்கவே கூச்சமாக இருக்கிறது என்றார்.

பக்கத்துத் தீவில் இருக்கும் இல்லோர்சூட் என்ற ஊரில் யாரும் சாகவில்லை, ஆனாலும் அந்த ஊரையும் காலி செய்தார்கள், அதே ஃபியோர்டில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் சரிவுகள் இருப்பதால் இரண்டு ஊர்க்காரர்களுமே திரும்பிக் குடியேற முடியவில்லை. செய்திகளில் 4 பேர் பலி என்ற வரியோடு கதை முடிந்துவிடுகிறது, எனக்கு அதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஊமனாக் பக்கம் போகிறவர்கள், வெறிச்சோடிய அந்த ஊரைப் படம் எடுக்கக் கூட்டிப்போகச் சொல்லி படகுக்காரர்களைக் கேட்காதீர்கள். அவர்களில் யாருடைய வீடு அங்கே இருந்தது என்று நமக்குத் தெரியாது.