கட்டட ஆய்வாளர் பட்டத்தை இணையவழியில் படிப்பது பயன் தருமா?

கேள்வி: ஓசூர் தளப் பொறியாளர்

வணக்கம். சிவில் டிப்ளமோ முடித்து, ஓசூரில் ஒரு கட்டுநரிடம் ஏழாண்டுகளாக வேலை செய்கிறேன். கான்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலை பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இடைவெளியை டேப் பிடித்து அளப்பதும், கவர் பிளாக் (கம்பி பலகையை ஒட்டாமல் தள்ளி நிறுத்தும் சிறு கட்டை) வைக்காமல் விட்ட இடத்தைக் காட்டி மேஸ்திரியிடம் மல்லுக்கட்டுவதும் என் அன்றாட வேலை. பெரும்பாலும் மேஸ்திரியே வெல்வார். இங்கிலாந்தில் இதே வேலையைச் சட்ட அதிகாரத்தோடு செய்யும் ‘பில்டிங் கன்ட்ரோல் சர்வேயர்’ (கட்டட ஆய்வாளர்) ஆவதற்கான இளநிலைப் பட்டத்தை வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று அறிந்தேன். அது இங்கே அரசுப் பணிக்கோ அங்கே வேலைக்கோ உதவுமா? கட்டணம் லட்சங்களில் வருவதால் கடன் வாங்குவதற்கு முன் கேட்கிறேன்.

மறுமொழி: பாலக்கோட்டுக்காரன்

நான் இங்கிலாந்தில் ஓர் உள்ளாட்சி மன்றத்தின் கட்டட ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். பட்டம் மட்டும் இங்கே யாரையும் ஆய்வாளர் ஆக்குவதில்லை. 2017இல் லண்டன் கிரென்ஃபெல் டவர் தீ விபத்தில் 72 பேர் இறந்த பிறகு 2022இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி 2024 ஏப்ரல் முதல் ஆய்வாளர்கள் பதிவு செய்தாக வேண்டும். முதல் வகுப்பு என்பது பயிற்சியாளர் நிலை; தனித்து ஆய்வு செய்வதற்கான இரண்டாம் வகுப்புக்குப் போகத் திறன் மதிப்பீட்டில் தேற வேண்டும். அந்தத் திறன் இங்குள்ள தளங்களில் நின்றால்தான் வரும். நம் ஊரில் நாலடி தோண்டினால் பாறை தட்டும். லண்டன் களிமண்ணில் அடித்தளத்துக்கு வானம் தோண்டும்போது பக்கத்தில் ஓர் ஓக் மரம் நின்றால், அதன் வேர் நீரை உறிஞ்சி மண் சுருங்கும் என்பதால், மரத்தின் வகையையும் உயரத்தையும் தூரத்தையும் பார்த்து இன்னும் ஆழமாகத் தோண்டச் சொல்கிறோம். முதல் முறை அப்படிச் சொன்னபோது ஒப்பந்தக்காரர் என்னை முறைத்தது இன்றும் நினைவிருக்கிறது (மேஸ்திரிகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்). ஆகவே, இங்கே பயிற்சி ஆய்வாளராக எடுத்துக்கொள்ளும் வேலையையும் விசாவையும் பற்றி முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு பட்டத்தைப் பற்றி யோசியுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற பொறியாளர், தருமபுரி

தம்பி, அரசுப் பணிக்காக என்றால் வேண்டாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் தந்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. வெளிநாட்டு இணையவழிப் பட்டத்துக்கு இணைத்தகுதி (இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற ஏற்பு) கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்குவது சரியல்ல. மேலும், அந்தப் பட்டத்தில் படிப்பது இங்கிலாந்து விதிகளை. நமக்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. 2024 முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர் சுயசான்று (விதிப்படி கட்டுகிறேன் என்று தானே தரும் உறுதி) கொடுத்தே அனுமதி பெறலாம். அதனால் சின்ன வீடுகளில் கம்பி கட்டியதைப் பார்க்க உங்களைப் போன்ற தளப் பொறியாளரை விட்டால் ஆளில்லை. வேலையை விடாமல் பகுதிநேர பி.இ. படிக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவுபெற்ற பொறியாளராகக் கையெழுத்திடுவதற்கும் அது உதவும்.

மறுமொழி: பழையபேட்டை மாணவர், கிருஷ்ணகிரி

நீங்கள் கேட்ட இங்கிலாந்து இணையவழிப் படிப்பில் நான் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பெங்களூரில் இங்கிலாந்துக் கட்டடங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால், எனக்குப் படிப்பு அன்றே பயன்படுகிறது. அங்கே மாலை ஆறு மணி வகுப்பு, குளிர்காலத்தில் இங்கே இரவு பதினொன்றரைக்குத் தொடங்கும். என்னைத் திணறடித்தது கணக்கோ ஆங்கிலமோ அல்ல. அவரவர் வேலை செய்யும் தளத்தில் தீத்தடுப்பு எப்படி ஆய்வு செய்யப்பட்டது என்று எழுதச் சொன்ன ஒப்படைப்புதான். குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் இடைவெளியை எதால் அடைத்தார்கள் என்று காட்ட, நான் கண்ணால் கண்ட ஒரு சுவர்கூட என்னிடம் இல்லை.

ஓசூர் தளப் பொறியாளர்

மூவருக்கும் நன்றி. கடன் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டேன். பாலக்கோட்டு அண்ணா, பயிற்சி ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பிக்க என் டிப்ளமோவும் தள அனுபவமும் போதுமா?