புதுப்பிப்பு: கணக்காளருக்கு பி.எம்.பி. எட்டுமா?

மொரிஷியஸ் எபெனில் கணக்காளராக இருக்கிறேன், பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வு எழுத என் அனுபவம் செல்லுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது! பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

விண்ணப்பிக்கத் தேவையான 35 மணி நேர வகுப்பை மாலையில் இணையத்திலேயே முடித்துவிடலாம். அனுபவத்தைக் காட்டுவதில்தான் பாடு. பட்டதாரி என்றால் திட்டங்களை முன்னின்று நடத்திய 36 மாத அனுபவம் வேண்டும். மாதக் கணக்கு முடிப்பு, வாட் தாக்கல், வங்கிச் சரிபார்ப்பு எதுவும் இதில் சேராது. அவை அன்றாட வேலை. தொடக்கமும் முடிவும் உள்ளதுதான் திட்டம். இங்கே வரித்துறையான எம்.ஆர்.ஏ. 2024 முதல் கட்டம் கட்டமாக மின் விலைப்பட்டியலை (இ-இன்வாய்ஸ்) கொண்டுவந்ததே, அதற்காக எங்கள் மென்பொருளை மாற்றிய பொறுப்பு என்னுடையது. அது கைகொடுத்தது. விண்ணப்பத்தில், என்ன செய்தோம் என்பதோடு, யாரை ஒருங்கிணைத்தேன், எந்த இடரை எப்படிக் கையாண்டேன் என்றும் எழுதுங்கள்.

பாடத்தில் நமக்குச் சாதகமான இடம் செலவுக் கணக்கு. 4 லட்ச ரூபாய் மதிப்புள்ள வேலை முடிந்திருக்கிறது, செலவு 5 லட்சம் என்றால், மதிப்பைச் செலவால் வகுத்து வரும் விகிதம் 0.8. அதாவது ஒரு ரூபாய்க்கு 80 சதம் வேலைதான் நடந்திருக்கிறது. இதைக் கணக்காளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழுவுக்குள் வரும் சச்சரவு பற்றிய கேள்விகளுக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன்.

அப்புறம், இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்ன தங்கைக்கு: தொடக்க நிலைத் திட்ட மேலாண்மைச் சான்றிதழான சி.ஏ.பி.எம். பாருங்கள் மா. அதற்கு அனுபவம் தேவையில்லை, 23 மணி நேர வகுப்பு போதும்.