ஈரத்துணிக்கும் கல்லீரல் அறிக்கை: காந்த, அலைக் கருவிகளை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கம்பியைப் பிடித்தால் ஒரே நிமிடத்தில் உடம்பு முழுக்க அறிக்கை தரும் ‘குவாண்டம்’ பெட்டி எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் நேரில் பார்த்த அன்று, கைக்குப் பதில் கம்பியில் ஈரத்துணியைச் சுற்றினார்கள். திரையில் கோடு வழக்கம்போல ஓடியது. கல்லீரல் கொழுப்பு, எலும்பு அடர்த்தி, கால்சியம் எல்லாம் பக்கம் பக்கமாக வந்து விழுந்தன. துணியின் கால்சியத்துக்குப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம்! அந்த மூன்று இலக்கம்தான் இன்னும் உறுத்துகிறது. பார்ப்பவர் மயங்குவதே அதில்தான். ஒரே ஆளை இரண்டு முறை சோதித்து, இரண்டாம் முறை பெட்டியில் பதியும் வயதை மட்டும் 30-லிருந்து 70 ஆக மாற்றிப் பாருங்கள். கை அதே கைதான். எண் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிடும்.

•••

துணி சோதனைக்கெல்லாம் விற்பவர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள். அவர்களிடம் கணக்கைக் கேளுங்கள். வழக்கமான எம்ஆர்ஐ-யில் 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அளவு) காந்தம் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுக்கரு அதில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்கிறது. இந்தப் பெட்டிக்குக் கிடைப்பது சாதாரண யூஎஸ்பி மின்சாரம்: 5 வோல்ட், 0.5 ஆம்பியர், அதாவது வெறும் 2.5 வாட். கம்பியைக் கை தொடுகிறதா என்று பார்க்க அது போதும். ரத்தத்திலுள்ள கால்சியத்தை அளக்க வழியே இல்லை.

•••

இங்கே யாரும் சொல்லாதது புள்ளிக் கோல். அக்குபஞ்சர் புள்ளியில் கோலை அழுத்தி மின்தடையைப் பார்ப்பது; ஜெர்மன் மருத்துவர் ரைன்ஹோல்ட் ஃபோல் 1950-களில் கொண்டுவந்த முறை. ஒரு கையில் பித்தளைக் குழாய், மறு கையின் விரல் ஓரத்தில் கோல். ஊசி 50-இல் நின்றால் நலமாம். நான் பார்த்தபோது முதலில் 80 காட்டியது. மருந்துக் குப்பியைக் கருவியின் தட்டில் வைத்ததும் 50. எல்லாரும் ஊசியையே பார்த்தார்கள். கோலை அழுத்தியவரின் பெருவிரல் நகம் 80-இல் வெளுத்திருந்தது, 50-இல் சிவந்துவிட்டது. அவ்வளவுதான் சூட்சுமம்! அழுத்தினால் தொடும் பரப்பு கூடும், தோலின் மின்தடை குறையும், ஊசி ஏறும். வியர்வையும் அதையே செய்யும். ஆளுக்குப் பதில் 100 கிலோஓம் ரெசிஸ்டரை (மின்தடைத் துண்டை) கோலுக்கும் குழாய்க்கும் நடுவே மாட்டுங்கள். எந்தக் குப்பியை வைத்தாலும் ஊசி அசையாது.

•••

காந்தம் என்றாலே பொய் என்பதுபோல எழுதுகிறீர்கள், அது தவறு. ஒட்டாமல் நிற்கும் எலும்பு முறிவுக்குத் துடிப்புக் காந்தப்புலக் கருவியை அமெரிக்காவில் மருந்து, கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 1979-லேயே அனுமதித்தது. மனச்சோர்வுக்குத் தலையில் வைக்கும் காந்தச் சுருளுக்கு 2008-இல் அனுமதி கிடைத்தது. அதன் துடிப்பு டெஸ்லா அளவில் இருக்கும். கேள்வி, படுத்தால் காந்தத் துடிப்பு தரும் என்று விற்கும் காந்தப் பாய்களைப் பற்றியது. பூமியின் காந்தப்புலமே 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. பல பாய்கள் ஏறக்குறைய அதே அளவுதான் தருகின்றன. வாங்கியவர்கள் அளந்து பாருங்கள். மெல்லிய செம்புக் கம்பியை ஒரு டம்ளரில் 100 சுற்றுச் சுற்றி, ஆசிலோஸ்கோப்பில் (மின் துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) இணைத்து, பாய்மேல் 0, 5, 10, 20 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். உயரம் கூடக்கூடத் துடிப்பு மெலியும். உள்ளுறுப்புக்கு எவ்வளவு எட்டும் என்று அதிலேயே தெரியும். போனிலுள்ள காந்தமானி வேண்டாம், வேகமான துடிப்பை அது பிடிக்காது. மல்டிமீட்டரும் கூர்மையான துடிப்பைத் தப்பாகக் காட்டும். பேஸ்மேக்கர், இன்சுலின் பம்ப், காதுக்குள் பொருத்திய கருவி உள்ளவர்கள் பாயின் பக்கமே போகக்கூடாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் விற்பனையாளரை அந்த நிமிடமே வெளியே அனுப்புங்கள்.

•••

ரெசிஸ்டர் சோதனை சொன்னவருக்கு: மாட்டும்போது இரண்டு முனைகளையும் விரலால் பிடிக்காதீர்கள். உடம்பும் இணையாகச் சேர்ந்து மின்தடை குறையும், ஊசி ஏறும், ‘பார்த்தீர்களா, வேலை செய்கிறது’ என்பார்கள். இரண்டு பக்கமும் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் குரோகடைல் கிளிப் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.